அடிநாதம்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

மனிதனின் செவி 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும் என்று பள்ளியில் நாம் எல்லோரும் படித்தோம். படித்தோம் என்பதைவிட, ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்தோம் என்பதே பொருந்தும். அந்த 20-இல் என்ன இருக்கிறது? 30-இல் யார் குடியிருக்கிறார்? 50-இல் என்ன கேட்கும்? அதைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. ஆகவே வகுப்பிலும் யாரும் சொல்வதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் ஆடியோ அலையியற்றியின் குமிழை என் கையாலேயே கீழ்நோக்கித் திருகியபோதுதான் அந்த எண்களுக்கு உடம்பு உண்டு என்று தெரிந்தது.

ஆண்மகன் ஒருவன் பேசும்போது அவன் குரலின் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். மனிதக் குரல் இறங்கி வந்து நிற்கும் அந்தப் படிக்கும் கீழே இன்னும் சில படிகள் உள்ளன. ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸிலிருந்து 20 வரை இறங்கும் அந்த நிலவறைக்கு இசை அமைப்போர் ‘சப்-பேஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அதை அடிநாதம் என்கிறேன். காதுக்கு வருவதற்கு முன்பே அது நெஞ்சுக்கூட்டுக்கு வந்துவிடும். உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கும், கையில் இருக்கும் தேநீர் டம்ளருக்கும் வந்துவிடும். கணிப்பொறியில் மின்னணு இசை செய்பவர்களுக்கு இந்த அடிநாதம்தான் பெரிய சோதனை. இதை நன்றாக ஒலிக்கச் செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், நண்பர்களே! சற்றுப் பொறுத்தால் நம் ஒத்ததிர்வுத் தம்பமும் பிளஸ் டூ முக்கோணவியலும் வந்து சேரும்.

தொடக்கம் வெளிநாடுதான்; மறுக்கவில்லை. ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் ஆஸ்பர்ன் ரட்டக் என்று ஒருவர் இருந்தார். வானொலிப் பெட்டிகளையும் ஆம்ப்ளிபையர்களையும் பழுது பார்ப்பது அவர் தொழில். கிங் டப்பி என்றால்தான் உலகுக்குத் தெரியும். (மூக்குப்பொடி டப்பியை நினைத்துச் சிரிக்க வேண்டாம்.) தெருவில் பெட்டிகளை அடுக்கி இசைத்தட்டு ஓட்டும் ‘சவுண்ட் சிஸ்டம்’ ஒன்றை அவரே நடத்தினார். 1970களில் அவர் ஒரு புதுமை செய்தார். பதிவான பாட்டிலிருந்து பாடகரின் குரலை விலக்கினார்; முரசையும் பேஸையும் மட்டும் நிறுத்தினார்; ஆங்காங்கே எதிரொலியைத் தூவினார். ‘டப்’ என்னும் இசை வகை வளர்ந்தது. அவர் 1989-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதற்கிடையே 1980-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர்.-808 என்ற தாள இயந்திரத்தை வெளியிட்டது. உண்மையான முரசுபோல அது ஒலிக்கவில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆனால் அதன் ‘கிக்’ முரசு (காலால் மிதித்து அடிக்கும் பெரிய முரசு என்று கொள்க) நீளவிட்டால் மெல்லத் தேய்ந்து மறையும் ஒரு சைன் அலை! பழைய விலைக்கு அதை வாங்கிய அமெரிக்க இளைஞர்கள் அந்த அலையையே பேஸாக வாசித்தார்கள். இன்று 808 என்பது ஓர் இயந்திரத்தின் பெயராக இல்லை. ஓர் ஓசையின் பெயராக இருக்கிறது. ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் குடியேறியவர்கள் பெட்டி அடுக்கும் வழக்கத்தையும் கூடவே கொண்டு போனார்கள். 2000களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனின் கிராய்டன் பக்கத்தில் உருவான ‘டப்ஸ்டெப்’ அந்தப் பெட்டிகளின் பேரப்பிள்ளை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஜமைக்கா அந்நியமாகத் தோன்றவில்லை. என் தந்தையும் ஒரு மைக் செட் காரர்.

பதினான்கு வயதில் ஒரு மைக் செட் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். அந்நாளில் ‘ரேடியோ செட்’ என்றே ஊரில் சொல்வார்கள். பூப்பெய்திய வீட்டிலும், காதுகுத்திலும், மாரியம்மன் சாட்டிலும், துக்க வீட்டிலும் பனைமரத்தில் ஏறிக் குழாய் கட்டியவர். இன்றும் அவர் தொழிலாளிதான்; முதலாளி வேறு. இரண்டு மாதச் சம்பள பாக்கிக்கு ஈடாக அந்த முதலாளி ஒருமுறை கொடுத்த 15 அங்குல பேஸ் பெட்டி ஒன்றுதான் எங்கள் வீட்டின் பெரிய சொத்து. கோன் கிழிந்திருந்தது. அப்பா அதைப் புதிதாக ஒட்டி உயிர் கொடுத்தார். வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மூன்றாம் கை மாறி வந்த ஒரு மடிக்கணினியும், காசில்லாமல் கிடைக்கும் எல்.எம்.எம்.எஸ். என்ற மென்பொருளும், இந்தப் பெட்டியும் சேர்ந்ததுதான் என் ‘ஸ்டூடியோ’. கபடிப் போட்டிக்கும் இளைஞர் மன்ற விழாவுக்கும் முன்னிசை செய்து கொடுப்பேன். ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய். இரண்டு பருவங்களாகத் தேர்வுக் கட்டணத்தை அதில்தான் கட்டுகிறேன்.

கேட்டு வரும் நண்பர்கள் எல்லோரும் சொல்லும் வாசகம் ஒன்றே: “மாப்ளே, பேஸ் தெறிக்கணும்!” தெறிப்பது வேறு, ஒலிப்பது வேறு என்பது என் கட்சி. ஈக்குவலைசரின் இடது ஓரத்துக் குமிழை முழுதும் ஏற்றிவிட்டால் பேஸ் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வருவது உறுமல், அதில் சுரம் இருக்காது. சுரம் இல்லாத பேஸ், தாளம் தப்பிய தவில் போன்றது. ஏன் அப்படி ஆகிறது என்பதற்குக் காது, பெட்டி, காற்று என்று மூன்று சாட்சிகளை அழைக்கலாம்.

முதலில் காது. 1933-இல் பிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருந்தால் நமக்கு ஒரே அளவு உரப்பாகக் கேட்கும் என்று அளந்து வரைகோடுகள் போட்டார்கள். பின்னர் அவை பன்னாட்டுத் தர அளவாகச் செப்பம் செய்யப்பட்டன. அதன்படி 1000 ஹெர்ட்ஸ் ஓசை ஒன்று அமைதியான இடத்தில் 2 அல்லது 3 டெசிபல் இருந்தாலே காதில் விழும். 50 ஹெர்ட்ஸ் ஓசைக்கோ ஏறத்தாழ 44 டெசிபல் வேண்டும்! இன்னொரு விந்தையும் உண்டு: கீழ்ப்பகுதியில் அந்தக் கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. காது பிடித்த பிறகு ஒரு சிறிது ஏற்றினாலும் அடிநாதம் திடீரென்று பெருத்துவிடும். இரவில் மெல்லிய ஒலியில் அமைத்த பேஸ், மறுநாள் திடலில் பூதம்போல் எழுவது இதனால்தான். ஆகவே ஒலியளவுக் குமிழில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு எப்போதும் அந்த ஓர் அளவிலேயே கேட்டு அமைப்பது நல்லது. என் குமிழில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது.

அடுத்தது பெட்டி. ஒரே அளவு ஒலி அழுத்தத்தை உண்டாக்க, அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆடவேண்டும். 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு மில்லிமீட்டர் ஆடும் கோன், 50-க்கு நான்கு மில்லிமீட்டர்; 25-க்குப் பதினாறு! பதினாறு மில்லிமீட்டர் ஆடும் கோன் எங்கள் பெட்டியில் இல்லை. நம் ஊர்த் திருவிழாக்களுக்கு வரும் பெட்டிகளிலும் எளிதில் கிடையாது. எங்கள் பெட்டியில் அலையியற்றியை வைத்துச் சோதித்ததில் 42 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓசை படுத்துவிடுகிறது. கோன் மட்டும் வீணாக உதறுகிறது. அந்த உதறலில் ஆம்ப்ளிபையரின் சக்தி போகிறது. மேலே உள்ள சுரங்களும் கலங்குகின்றன. எனவே நான் செய்யும் முதல் வேலை, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டி எறிவது. இரண்டாவது, பாட்டின் சுருதியைப் பெட்டிக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பது. ஒரு கட்டை சுருதியில் ஷட்ஜத்தை அடிநாதமாக வைத்தால் அது 32.7 ஹெர்ட்ஸில் போய் விழும், பெட்டி கைவிட்டுவிடும். நான்கு கட்டை என்றால் 43.7, ஐந்து கட்டை என்றால் 49, ஆறு கட்டை என்றால் 55. இந்த மூன்றும் எங்கள் பெட்டிக்குச் சோறு மாதிரி.

ஐந்து கட்டையில் மட்டும் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத மேடையில் ஆம்ப்ளிபையர் ‘ம்ம்ம்’ என்று முனகுவதில் அந்த 50 கலந்திருக்கும். அதன்மேல் 49 ஹெர்ட்ஸ் சுரம் ஒலித்தால் நொடிக்கு ஒரு விம்மல்! இசைக்கவைகளை வைத்து நாம் செய்த விம்மல் சோதனையை ஒரு கிராமத்துக் கபடித் திடலில் ஆயிரம் பேருக்கு நடுவே கேட்டவன் நான். அன்று எர்த் கம்பிக்கு ஒரு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றியவர் அப்பா.

மூன்றாவது சாட்சியான காற்றிடம் போகுமுன் இடநெருக்கடியைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பேருந்துதான் போகலாம். எதிரே வருவது ஒதுங்கி நிற்கும். அடிநாதத்தின் பகுதியும் அப்படித்தான். அங்கே கிக் முரசும் பேஸும் ஒரே நேரத்தில் நுழைந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸ் அலையின் அலைவு நேரம் 20 மில்லி நொடி. முரசின் அலைக்கும் பேஸின் அலைக்கும் இடையே 10 மில்லி நொடி விலகல் இருந்தால், ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும். எதிர்க் கட்டம்! இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று விழுங்கிவிடும். இரண்டும் தனித்தனியே கம்பீரமாக ஒலிக்கும்; சேர்த்தால் காணாமல் போகும். அந்த இடத்தில் குமிழை ஏற்றிப் பயனில்லை. பேஸைச் சில மில்லி நொடி நகர்த்திப் பார்க்க வேண்டும். அல்லது கிக் விழும் கணத்தில் பேஸ் தானே தலைகுனிந்து, பத்தில் ஒரு நொடியில் நிமிரும்படி செய்யவேண்டும். இதற்குச் ‘சைடு-செயின்’ என்று பெயர். பாலத்தில் ஒதுங்கி நிற்கும் பேருந்து. கூடவே கிதார், வயலின், குரல் ஆகியவற்றின் தடங்களிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடக்கும் குப்பையை வெட்டிவிடுவேன். அந்த வாத்தியங்களுக்கு அங்கே அவ்வளவாக வேலையில்லை. வெட்டியபின் பேஸின் அளவை ஒரு டெசிபல்கூட ஏற்றாமலே அது முன்னால் வந்து நிற்கும். அடிநாதத்தில் கூட்டல் குறைவு, கழித்தலே அதிகம்.

எதிர்க் கட்டத்தை அப்பாவிடம் விளக்கப் போனேன். அவர் டார்ச் லைட்டிலிருந்து ஒரு பேட்டரிக் கட்டையைக் கழற்றி ஸ்பீக்கர் முனைகளில் தொட்டுக் காட்டினார். கோன் வெளியே குதித்தது. மாற்றித் தொட்டார், உள்ளே போனது. “ரெண்டு பொட்டி கட்டறப்ப ஒண்ணுக்கு ஒயர் மாறிப்போச்சுன்னா நடுவுல நிக்கறவனுக்கு பேஸே கேக்காது கண்ணு. இதுக்குத்தான் கட்டைய வெச்சுப் பாக்கறது” என்றார். நான் இரண்டு பக்கம் எழுதிப் படித்ததை அவர் முப்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறார்.

இனி, என் மனத்துக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் இசையைக் கேட்பவர் எல்லோரும் 15 அங்குலப் பெட்டி வைத்திருக்கிறார்களா? பெரும்பாலோர் கையில் இருப்பது கைப்பேசி. அதன் ஒலிபெருக்கி விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது அநேகமாக ஊமை. தூய சைன் அலையால் அமைத்த 50 ஹெர்ட்ஸ் பேஸ் அதில் அறவே கேட்காது. அப்படியானால் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்கும் நண்பனுக்கு அடிநாதம் கிடையவே கிடையாதா?

உண்டு! பழைய தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். அது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஆண்குரலின் அடிப்படையான 100 அதில் வருவதே இல்லை. ஆயினும் மறுமுனையில் பேசுவது மாமாவா அத்தையா என்று நாம் ஐயப்படுவதில்லையே! காரணம், 300, 400, 500 என்று வரும் மேற்சுரங்களின் இடைவெளி 100. அந்த ஒழுங்கைக் கண்டுகொண்டு, வராத 100-ஐ மூளையே நிரப்பிக்கொள்கிறது. 1840களிலேயே சீபெக் என்ற ஜெர்மானியர் இதைக் கவனித்தார். நம் சர் சி.வி. இராமன் ஒளிச்சிதறலுக்குப் போவதற்கு முன்பே ஒலியில் ஆழ்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் கருஞ்சாந்துதான், தோலின் தாறுமாறான மேற்சுரங்களை 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று 1920-இல் ‘நேச்சர்’ இதழில் இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். ஒழுங்கு வந்தால் சுரம் வரும். வெறும் தோல் ‘தொம்’ என்னும். சாந்து பூசிய தோல் சுருதி சேரும்.

கணிப்பொறியில் அந்தச் சாந்தைப் பூசுவது எப்படி? இங்கேதான் பிளஸ் டூ கைகொடுக்கிறது. சைன் மூன்று தீட்டா என்பது, மூன்று சைன் தீட்டா கழித்தல் நான்கு சைன் கன தீட்டா. நூறு முறை எழுதிப் பார்த்த வாய்பாடு! இதைத் திருப்பிப் படியுங்கள்: சைனின் கனத்துக்குள் மூன்று மடங்கு அதிர்வெண் ஒளிந்திருக்கிறது. சைன் அலையின் இரு முனைகளையும் சற்று மழுக்கினால் அதில் கனப்பகுதி சேரும். 50 ஹெர்ட்ஸிலிருந்து 150 பிறக்கும். இன்னும் சற்று மழுக்கினால் 250-உம் வரும். மேல்முனையை மட்டும் மழுக்கி, கீழ்முனையை விட்டுவிட்டால் வர்க்கப் பகுதி சேரும். அதிலிருந்து 100-உம் வந்துவிடும். இசை மென்பொருள்களில் ‘சாச்சுரேஷன்’ என்ற பெயரில் ஆயிரம் வண்ணப் படங்களோடு விற்பதெல்லாம் அடிப்படையில் இந்த வாய்பாடுதான்.

நான் செய்வது இது. தூய சைன் அலையை ஒரு தடத்தில் அப்படியே வைத்துக்கொள்வேன். அதன் நகல் ஒன்றை இன்னொரு தடத்தில் வைத்து நன்றாக மழுக்குவேன். பிறகு அந்த நகலிலிருந்து 100-க்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவேன். மீந்து நிற்பது மேற்சுரங்கள் மட்டும். அதை மெல்லிய அளவில் முதல் தடத்தோடு கலந்தால், பெட்டியில் அடித்தளம் கெடாது. கைப்பேசியிலும் மூளை ஏமாறும். சோறு வடிக்கும்போது உப்புப் போடுவது மாதிரி: கலந்தது தெரியக்கூடாது, கலக்காவிட்டால் தெரியவேண்டும். என் வகுப்புத் தோழன் தன் கைப்பேசியில் கேட்டுவிட்டு, “பேஸ் நல்லா இருக்குடா” என்றான். அந்தக் கைப்பேசியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் வரவே முடியாது என்று நான் அவனிடம் சொல்லவில்லை. நட்பு முக்கியம்.

இங்கே ஒன்று தோன்றுகிறது. அப்பா கட்டிய குழாய்களிலும் பேஸ் கிடையாது. அந்தக் கூம்பின் அமைப்புக்கு அது இயலாது. ஆனால் இளையராஜா பாடல்களின் பேஸ் கிதாரை எங்கள் ஊர் பனைமரத்துக் குழாயில்தான் முதலில் கேட்டது. களை எடுக்கும் பெண்கள்கூட அதை வாயால் ‘தும் தும்’ என்று பாடுவார்களாம். கிதார்க் கம்பியின் மேற்சுரங்கள் செய்த வேலை அது.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். எங்கள் வீட்டு அறையின் நீளம் 11 அடி, அதாவது 3.35 மீட்டர். இரு சுவர்களுக்கும் இடையே நிலை அலை உண்டாகும் அதிர்வெண் 52 ஹெர்ட்ஸ். ஒத்ததிர்வுத் தம்பத்துக்குள்ளேயே குடியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்! 52 ஹெர்ட்ஸை ஒலிக்கவிட்டு அறைக்குள் நடந்தால் நடுவில் ஓசை மறைகிறது; சுவரோரம் இரண்டு மடங்காகிறது. நடுவில் அமர்ந்து இசை செய்பவன் ‘பேஸ் போதவில்லை’ என்பான். சுவரோரம் படுத்திருக்கும் என் அம்மா, “தலைக்குள்ள மாவு மில்லு ஓடுது சாமி” என்பாள். இருவர் சொல்வதும் உண்மை. எனவே ஓர் இடத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லாமல் நான்கு இடத்தில் நின்று கேட்க வேண்டும். தலையணி ஒலிபெருக்கியிலும் ஒருமுறை கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இடது, வலது என்ற பிரிப்பு அடிநாதத்துக்கு வேண்டாம். ஏழு மீட்டர் அலைநீளம் கொண்ட ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறைக்குள் நம் தலையால் கண்டுபிடிக்க முடியாது. கிராமத்து மைக் செட் எல்லாம் ஒற்றை வழிதான். இடமும் வலமும் அங்கே ஒன்றாகக் கலந்துவிடும். பேஸை அகலப்படுத்துகிறேன் என்று இரு பக்கத்துக்கும் கட்டத்தை மாற்றி வைத்தால் அந்தக் கலப்பில் அது அழிந்துபோகும்.

அவசரமும் கூடாது. ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் இடையே அடிநாதத்தில் மூன்று ஹெர்ட்ஸ்தான் வேறுபாடு: 49, 51.9. மூன்று ஹெர்ட்ஸ் வேறுபாட்டை இனம்காண ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி வேண்டும் என்பது அலைகளின் விதி. மேலே வயலின் எட்டுச் சுரம் பாயட்டும். கீழே பேஸ் இரண்டு சுரங்களில் நின்று நிதானமாக நடக்கட்டும். உறுமிக்காரர் வளைகுச்சியை இழுக்கும்போது ஓசை ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகுமே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? 808-க்காரர்கள் சறுக்கு என்று ரசிப்பது அதைத்தான்.

என் இசை வேலையை ஊரில் எல்லோரும் மெச்சுவதில்லை. “முதல் பட்டதாரிச் சலுகையில் படிக்கிற பையன் குரூப் ஃபோர் புத்தகத்தை எடுக்காமல் டப்பு டப்பு என்று தட்டிக்கொண்டிருக்கிறானே” என்று உறவினர் அப்பாவிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் விடை, கட்டணம் கட்டிய ரசீது. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டவர் எதிர்வீட்டுப் பாட்டி. “உங்க பொட்டி அடிச்சா எங்க வீட்டுப் பாத்திரம் ஆடுது” என்றார். ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் என்பது எல்லை. ஆனால் அந்த அளவு ‘ஏ’ என்ற நிறையீட்டில் கணக்கிடப்படுவது. காதின் இயல்புக்கேற்ப அது 50 ஹெர்ட்ஸ் ஓசையில் 30 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிடும்! கருவி ‘சரி’ என்று காட்டும்போதே பாட்டி வீட்டுப் பாத்திரம் ஆடலாம். சட்டத்துக்குள் இருக்கிறோம் என்பது அவருக்குப் பதிலாகாது. தெளிவாக அமைத்த பேஸுக்குப் பாதி ஒலியளவே போதும் என்பதால்தான் இத்தனையும் எழுதுகிறேன். எட்டுப் பெட்டிகளை லாரியில் அடுக்கி ஒன்றோடொன்று போட்டி போடும் வழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. அந்த லாரிகளில் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் யாருக்கோ அப்பா.

என் அப்பாவின் காது போய்க்கொண்டிருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் குழாய்க்கு அடியில் நின்ற காது. கைப்பேசி மணி கேட்பதில்லை. என் தங்கை பேசினால் உதட்டைப் பார்க்கிறார். அரசு மருத்துவமனையில் செவித்திறன் சோதனை செய்தார்கள். கொடுத்த தாளில் வரைகோடு 250 ஹெர்ட்ஸில் நன்றாகத்தான் தொடங்குகிறது. 2000-இல் சரிந்து, 4000-இல் கிணற்றுக்குள் விழுவதுபோல் விழுகிறது. பேரிரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் அடிபடுவது அந்த இடம்தான், போனது திரும்பாது. இப்போது மேடைக்குப் போகும்போது நுரைச் செருகியை நானே அவர் காதில் வைத்து அனுப்புகிறேன். “வெவரம் கெட்டவன், மைக் செட்டு காரனுக்குப் பஞ்சு வெக்கறான்” என்று முதலாளி சிரித்தாராம். சிரிக்கட்டும்.

ஆனால் அந்தத் தாளில் 250-க்குக் கீழே கட்டமே இல்லை. அங்கே அவருக்கு எவ்வளவு கேட்கிறது என்று மருத்துவமனை கேட்கவில்லை. ஒரு மாலையில் வீட்டுப் பெட்டியில் நானே சோதித்தேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, 50 ஹெர்ட்ஸ் ஓசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். நான் கேட்பதை நிறுத்திய புள்ளியிலேயே அவரும் கையை இறக்கினார். இரண்டு முறை செய்தும் அதே புள்ளி. 4000-இல் அவர் கையைத் தூக்கவே இல்லை. ஓசை போய்க்கொண்டிருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

அதன்பின் என் பாட்டு ஒவ்வொன்றுக்கும் முதல் தீர்ப்பு அவருடையது. குரலும் வயலினும் அவருக்கு மங்கல்தான். பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்பார். சென்ற வாரம் கல்லூரி நாள் விழாவுக்காக நான் செய்திருக்கும் முன்னிசையைப் போட்டுக் காட்டினேன். நான்கு கட்டையில் தொடங்கி ஆறு கட்டைக்கு ஏறி இறங்கும் பேஸ். முழுதும் கேட்டார்.

“மூணாவது எடத்துல சுரம் பாதியில அறுந்துபோவுது கண்ணு. அதைக் கொஞ்சம் நீளமா விடு. பொட்டி தாங்கும்.”

நீளமாக விட்டிருக்கிறேன். விழாவன்று அரங்கத்தின் நடுவில் மட்டும் உட்காராதீர்கள், நண்பர்களே, சுவரோரமாக வாருங்கள்.